கதையில் இல்லாத சாவு

புத்தக வெளியீட்டு விழாவில் பேசப் போகிறவர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. அட்டையைப் பார்க்க வேண்டும். பின்னட்டையைப் படிக்க வேண்டும். முன்னுரையில் இரண்டு பத்தி. கொஞ்சம் மனசாட்சி உள்ளவர் என்றால், கடைசிக் கதையில் மூன்று பக்கம். எனக்குக் கொஞ்சம் மனசாட்சி உண்டு. அதுதான் என்னைக் கெடுத்தது. அந்த மூன்று பக்கத்தையும் படிக்காமல் போயிருந்தால், ‘மண்வாசனை வீசும் எழுத்து’ என்று கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, சால்வையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்பேன். படித்த பாவத்துக்கு, கதையில் சாகாத ஒரு மனிதனை மேடையில் வைத்துச் சாகடித்துவிட்டு வந்தேன்.

கதையை எழுதியவர் பழைய பட்டாளத்துக்காரர். வடக்கே பனிமலையில் நடந்த போரில் இருந்துவிட்டு முழு உடம்போடு திரும்பியவர். ஊரில் அவருக்கு மிலிட்டரிக்காரர் என்றுதான் பெயர். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பார். ஒருவர் மளிகைக் கடை வைப்பார், ஒருவர் வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்பார், ஒருவர் நிலம் வாங்கி, போர்வெல் போட்டுவிட்டுத் தண்ணீருக்காகக் காத்திருப்பார். சிறுகதை எழுதியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். சிறுகதை எழுதுவது எப்படியும் பிழைப்பு ஆகாது என்பதால், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு தங்கும் விடுதியின் வாசலில் காவலராகவும் இருந்தார்.

அவர் எழுதும் விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் சவரம் செய்து, மீசையைச் சீவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து விடுதிக் கேட்டின் பக்கத்தில் இருக்கும் கூண்டில் உட்காருவார். மடியில் அட்டை, அட்டையில் தாள், கையில் பென்சில். பேனா தொட மாட்டார். “அங்க பேனா எழுதாதுங்க சார். குளுருல மை கட்டிக்கும். பென்சிலு மட்டும்தான் கடைசி வரைக்கும் எழுதும்” என்பார். இங்கே வெயிலில் தார் ரோடு உருகி ஓடும் மாதத்திலும் அவர் பேனாவை நம்பவில்லை. பிளேடால் பென்சிலைச் சீவிக்கொண்டு, எதிரே இருக்கும் மலையைப் பார்ப்பார். ஒரு வரி எழுதுவார். மறுபடி மலையைப் பார்ப்பார்.

எங்கள் ஊரில் மலையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்கு வேறு அர்த்தம். விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஒருநாள் அவர் எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாராம். “நான் அடுத்த வரி இன்னானு யோசிச்சிட்டு இருந்தேன். அந்தம்மா எழுந்திருக்கவே இல்ல. நடுவுல நான் எழுந்தா மரியாத இல்லயேனு நானும் அப்படியே உக்காந்துட்டேன். ஒண்ணுக்குப் போவணும் சார் எனக்கு” என்றார். அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, கை கூப்பி, இவ்வளவு அமைதியை எங்கேயும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

நான் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவன். வீட்டில் நடப்பதை எழுதி வெளியே சிரிக்கவைத்து, வீட்டுக்குள் திட்டு வாங்குவது தொழில். கொஞ்சம் படித்தவன் என்ற பெயரும் உண்டு; பேச்சில் ருஷ்யக்காரர்களை இழுப்பேன். அதனால் மிலிட்டரிக்காரர் ஒவ்வொரு கதையையும் எழுதி முடித்ததும் என்னிடம் கொண்டுவருவார். வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணா என்பேன். பத்திரிகையில் என் படம் வருவதால் அவர் என்னை சார் என்பார். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

கதைகள் நன்றாகவே இருந்தன. எனக்குத்தான் அதில் ஒரு குறை தெரிந்தது. அவர் கதைகளில் யாரும் சாவதே இல்லை.

பௌர்ணமிக் கூட்டத்தில் மிளகாய் பஜ்ஜி போடும் ஒருவரைப் பற்றிய கதையைக் கொண்டுவந்தபோது நான் என் கருத்தைச் சொன்னேன். அவருடைய கூண்டுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னேன்.

“அண்ணா, இந்த பஜ்ஜிக்காரரு கடைசியில போயிடணும்.”

“எங்க போறது?”

“செத்துடணும்ணா.”

“ஏன் சார்? நல்லாத்தான போடறாரு பஜ்ஜி?”

“பஜ்ஜிக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லண்ணா. கதை நிக்கணும்ல? அந்த ஆளு உயிரோட இருந்தா படிக்கிறவன் மூடி வச்சிட்டுப் போயிடுவான். செத்தாத்தான் மனசுல நிப்பாரு.”

அவர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். “இன்னாத்துல சாவாரு?”

“எதுலயாவது. லாரி மோதட்டும். செங்கம் ரோட்ல லாரிக்கு என்ன கம்மி?”

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். “வேணாங்க சார். நான் யாரையும் சாகடிக்கிறதில்ல.”

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு இருக்கும் இளகிய மனசு என்று எடுத்துக்கொண்டேன். போகப் போகச் சரியாகிவிடும். இன்னொரு குறையையும் நான் மனதுக்குள் குறித்து வைத்திருந்தேன். எல்லாக் கதைகளிலும் ஒரே ஆள் வந்துகொண்டிருந்தார். ஒரு கதையில் ஆட்டோ ஓட்டுவார், ஒரு கதையில் வேலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருப்பார், ஒன்றில் பஜ்ஜி போடுவார். எந்த வேலை செய்தாலும் அந்த ஆள் நடுவில் ஒரு ஜோக் சொல்ல ஆரம்பிப்பார். பாதி சொல்வதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, ஜோக்கை முடிக்காமலே எழுந்து போய்விடுவார். பாத்திரப் படைப்பில் வறுமை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தேர்ந்த விமர்சகன் இப்படித்தான், கண்ணெதிரே இருப்பதைக் குறையாகக் குறித்துவைப்பான்.

அவர் போரைப் பற்றி எழுதவில்லை என்பதும் எனக்கு மனத்தாங்கல்தான். “பனி, குண்டு, ராத்திரில காவல், இதையெல்லாம் விட்டுட்டு பஜ்ஜி எழுதறீங்களேண்ணா. எங்களுக்கெல்லாம் கிடைக்காத அனுபவம்” என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். “அதெல்லாம் டிவிலயே காட்டிட்டாங்களே சார்” என்று முடித்துவிடுவார். போருக்குப் போகாதவனுக்குப் போர்மேல் இருக்கும் ஆசை, போய் வந்தவருக்கு இருக்காது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஊர் நண்பர்கள் சிலர் சேர்ந்து அவர் கதைகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் சின்ன ஹாலில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெளியீடு. வாசலில் வைத்த பிளக்ஸில் நூலாசிரியரின் படத்தைவிட என் படம் பெரிதாக இருந்தது. நான் கேட்கவில்லை, ஆட்சேபிக்கவும் இல்லை. ஹாலில் இருந்தவர்களில் பாதிப் பேர் பேசப்போகிறவர்கள், மீதிப் பேர் அவர்களோடு வந்தவர்கள். இது எங்கள் இலக்கியக் கூட்டங்களின் வழக்கமான விகிதம்.

மேடையில் மிலிட்டரிக்காரர் எனக்குப் பக்கத்து நாற்காலியில், முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். “சார், மூணாவது வரிசையில பச்சைப் புடவை தெரியுதுங்களா? அடி அண்ணாமலையில கடை வச்சிருக்காங்க. என்னோட பட்டாளத்துல இருந்தவன் ஒருத்தன், திரும்பி வரல. அவனோட வீட்டுக்காரம்மா. நான் எழுதறதெல்லாம் மொதல்ல அவங்கதான் படிப்பாங்க. இந்தக் கடைசிக் கதைய மட்டும் இன்னும் காட்டல. புக்காவே குடுக்கலாம்னு வச்சிருக்கேன்.”

நான் தலையாட்டினேன். சால்வை தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்ததால் கவனம் அதில் இருந்தது. அவர் என்னிடம் கதைகளின் பூட்டுக்குரிய சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

என் முறை மூன்றாவது. காலையில் அந்தக் கடைசிக் கதையில் மூன்று பக்கம் படித்திருந்தேன் என்றேனல்லவா, அதில் ஒருவன் தீபத்துக்கு மலை உச்சிக் கொப்பரைக்கு நெய் டின் சுமந்துகொண்டு ஏறுகிறான். மழை பிடித்துக்கொள்கிறது. பாறையெல்லாம் வழுக்கல். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் அவன் கால் வழுக்குகிறது. அங்கே புத்தகத்தை மூடிவிட்டேன். அதற்குமேல் படிக்க என்ன இருக்கிறது? மழை, பாறை, ஏழை, வழுக்கல். தமிழில் கதை எழுதும் எவரும் அவனை அதற்குப் பிறகு உயிரோடு விடமாட்டார். தவிர, என் ஆலோசனை கடைசியில் வேலை செய்திருக்கிறது என்று எனக்கு உள்ளூர ஒரு பூரிப்பு.

மேடையில் அந்தப் பூரிப்பு வெளியே வந்தது. கதையைச் சொன்னேன். எழுதியவரைவிட நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். மழையை அதிகமாக்கினேன். நெய் டின் பாறைகளில் மோதி உருளும் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினேன். “முதல் முறையாக நம் நண்பர் ஒரு பாத்திரத்தைச் சாகவிடும் துணிச்சலைப் பெற்றிருக்கிறார். இந்தத் துணிச்சல் அவருக்குப் போர்க்களத்தில்கூடத் தேவைப்பட்டிருக்காது” என்றேன். கைதட்டுவதற்கு இடம் விட்டு, குரலைத் தாழ்த்தி, “அந்த மலை அவனைத் திருப்பித் தரவில்லை” என்று முடித்தேன்.

அந்த வரியில் பச்சைப் புடவைக்காரம்மா எழுந்தார். நாற்காலி வரிசையில் புடவையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து, கதவைத் திறந்து வெளியே போனார். பின்னாலேயே அவருக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மாளும் எழுந்து வேகமாகப் போனார். துக்கம் தாங்காமல் ஒருவர் போகிறார், தேற்ற ஒருவர் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பேச்சாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் பேச்சில் கண்ணீர் வந்ததாக நான் அறிந்த ஒரே சந்தர்ப்பம். திருப்தியோடு உட்கார்ந்தேன்.

மிலிட்டரிக்காரர் ஏற்புரைக்கு எழுந்து, “வந்த எல்லாருக்கும் நன்றிங்க. டீ சாப்ட்டுட்டுப் போங்க” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். என்ன அடக்கம் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் வியந்தேன்.

மறுநாள் மத்தியானம் மனைவி அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். “நேத்து இன்னா பேசினீங்க? யாரோ மலையிலேர்ந்து உருண்டு செத்துட்டான்னீங்களே, எந்தக் கதை?”

“கடைசிக் கதை.”

“இதுல யாரும் சாகலையே.”

புத்தகத்தை வாங்கி நான்காம் பக்கத்தைப் படித்தேன். கால் வழுக்கியவன் ஒரு பாறையைப் பிடித்துக்கொள்கிறான். முட்டி சிராய்த்துவிடுகிறது. டின்னை விடவில்லை. மழை நிற்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். கூட வந்தவனிடம் ஒரு ஜோக் சொல்ல ஆரம்பித்து, தானே சிரித்து, முடிக்காமல் எழுந்து டின்னைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறான். நெய்யைக் கொடுக்கிறான். இறங்குகிறான். ஏறினதைவிட இறங்குவதுதான் பக்கம் பக்கமாக இருந்தது. எந்தக் கல்லில் கால் வைத்தான், எங்கே உட்கார்ந்து இறங்கினான், எந்த இடத்தில் ஊரின் விளக்குகள் தெரிந்தன, எல்லாம். கீழே வந்து டீ கேட்கிறான். கதை முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் செங்கம் ரோட்டைத் தவிர்த்தேன். அந்தப் பக்கம் வேலை வந்தால் ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு மலையைச் சுற்றுவதற்கென்றே ஜனங்கள் வரும் ஊர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கொஞ்ச வாரம் போனதும், அவர் இப்போதெல்லாம் கூண்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், எழுதுவதே இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். அதற்கு மேல் சுற்ற முடியவில்லை.

போனேன். கூண்டில் இருந்தார். சட்டை சலவையாக இருந்தது, மீசை சீவியிருந்தது. மடியில் அட்டை இல்லை. எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அண்ணா, அன்னிக்கு நான் கதைய முழுசாப் படிக்கல.”

“தெரியுங்க சார்.”

“அங்கயே சொல்லியிருக்கலாமேண்ணா. மைக்கு உங்க கையிலதான இருந்துச்சு?”

“விருந்தாளியா கூப்ட்டுட்டு, மேடையில வச்சு எப்படிங்க சொல்றது?”

ஒரு ஆட்டோ வந்து வெளிநாட்டுக்காரர் ஒருவரை இறக்கிவிட்டது. இவர் எழுந்து கேட்டைத் திறந்து, பெட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டு வந்தார். பிறகு, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், கேட்டின் கொக்கியை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“அந்த ஜோக்கு சொல்றவன் அவன்தாங்க. அந்தம்மா வீட்டுக்காரன். நெஜமாவே அப்படித்தான். ஒரு ஜோக்கு முழுசா சொன்னதில்ல. அங்க மேல இருக்கறவங்களுக்கு சாமான் தூக்கினு போவான். போனான், எறங்கல. நான் கீழ இருந்தேன். போறப்பகூட ஒண்ணு ஆரம்பிச்சான், சிரிச்சான், வந்து சொல்றேன்னுட்டுப் போனான்.”

கொக்கியைப் பிடித்தபடியே மலையைப் பார்த்தார்.

“இத்தினி வருஷமா அவன எழுதறேன். ஆட்டோ ஓட்ட வச்சேன், பஸ்ல ஏத்தினேன், பஜ்ஜி போட வச்சேன். மலையில மட்டும் ஏத்தல. பயம். இந்தக் கதையிலதான் மொத தடவையா ஏத்தினேன் சார். ஏத்தறது சுலபமா வந்துடுச்சு. எறக்கறதுக்குத்தான் ரொம்ப நாளாச்சு. ஒவ்வொரு கல்லா எறக்கினேன்.” கொக்கி சரியாக மாட்டவில்லை, மறுபடி எடுத்து மாட்டினார். “நீங்க அவன பாதி மலையில விட்டுட்டீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார். அன்றிலிருந்து பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாலும் அந்த ஆள் வருவதில்லையாம். வேறு யாரையாவது எழுதலாம் என்று பார்த்தால், வேறு யாரையும் எழுத அவருக்கு அவசியம் இல்லையாம்.

“அந்தம்மாவும் எழுந்து போய்ட்டாங்களே, பாத்தீங்கதான? அந்த மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது? அதுக்கப்புறம் நான் கடைப்பக்கம் போகல. புக்கு கையில குடுத்தேன், தொறந்திருக்கவே மாட்டாங்க.”

நான் போய்ப் பேசுகிறேன் என்றேன். இவன் மறுபடியும் பேசப் போகிறானா என்று ஒரு பார்வை பார்த்தார்.

டூவீலரில் கிரிவலப் பாதையில் போகும்போது மன்னிப்புப் பேச்சை மூன்று விதமாகத் தயாரித்தேன். மூன்றுமே மேடைப் பேச்சு மாதிரி இருந்தன. பௌர்ணமிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அடி அண்ணாமலையில் கடைகளெல்லாம் கூட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. அந்தம்மா தன் கடை வாசலில் தண்ணீர் பாட்டில் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தெம்பான உடம்பு, உரத்த குரல். என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகம் அவருக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லை என்பது தெரிந்தது. பிளக்ஸில் அவ்வளவு பெரிதாகப் போட்டும்.

“இன்னாங்க வேணும்? சோடாவா?”

மிலிட்டரிக்காரரின் நண்பர் என்றேன்.

“அண்ணன் அனுப்பினாரா? எங்க போனாரு அவரு? ஆளையே காணோம். கதையையும் காணோம். ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுச்சானு நானே வரலாம்னு இருந்தேன், இந்தக் கூட்டம் முடியட்டும்னு பாத்தா...”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. அன்னிக்கு விழாவுல நீங்க பாதியில எழுந்து போனது அவருக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மனசு கஷ்டப்பட்டுப் போயிட்டீங்களோனு.”

“நானா? எப்போ?”

“மலையில ஒருத்தர் விழுந்து... அந்தக் கதையப் பத்திப் பேசினப்போ.”

அந்தம்மா ஒரு பாட்டில் கட்டை இடுப்பில் வைத்தபடி யோசித்தார். யோசிப்பதைப் பார்க்கும்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

“யோவ், அதுவா! டீ வந்துடுச்சுனு கதவாண்ட நின்னு சைகை காட்டினாங்க. பக்கத்துல இருந்த அம்மா, ‘ஆறிடும், வாங்க போயிட்டு வந்துடலாம்’னாங்க. யாரோ ஒருத்தரு ரொம்ப நேரமா பேசினே இருந்தாரு. நாங்க அந்தம்மா பொண்ணு கல்யாணத்தைப் பத்திப் பேசினு இருந்தோம். இன்னா சொன்னாரு அவரு?”

“யோவ்” என்றது வாய் தவறி வந்தது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

“கதையோட முடிவ... கொஞ்சம் மாத்திச் சொல்லிட்டாரு. அந்த ஆளு செத்துட்டதா.” சொல்லிவிட்டு, “அவசரத்துல” என்று சேர்த்துக்கொண்டேன். அந்தப் பேச்சாளர் யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நாமாகச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று நான் அந்த இடத்தில் முடிவு செய்தேன். மூன்று மன்னிப்புப் பேச்சுகளும் வீணாயின.

“சொன்னா சொல்லட்டும். நான் அன்னிக்கே வீட்டுக்கு வந்து படிச்சிட்டேனே. ஏறி, எறங்கி, டீ கேக்கறாரு.” பாட்டில்களை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “இதுக்கா அண்ணன் வராம இருக்காரு? எனக்கு மறச்சு வைக்கறாப்பல! அவரு ஒடம்பு பொட்டியில வந்தப்போ தொட்டுப் பாத்தவ நானு. அவரு இல்லனு எனக்குத் தெரியாதாங்க? அண்ணனுக்குத்தான் இன்னும் சரியாத் தெரியல.”

ஒரு பையனை அனுப்பி டீ சொல்லவில்லை. அவரே ஒரு சோடாவை உடைத்து என் கையில் கொடுத்தார்.

“எனக்காக எழுதறேன்னு நெனச்சினு இருக்காரு. நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் படிக்கறேன்னா, அவரு எதிர்ல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துனு இருப்பாரு, அதுக்காகத்தான். நான் சிரிச்சா அவருக்கு அன்னிக்குத் தூக்கம் வரும்னு அண்ணி சொல்வாங்க. சிரிக்கற எடம் வரலன்னாலும் சிரிச்சிடுவேன்.”

“உங்க வீட்டுக்காரரு ஆரம்பிப்பாராமே அந்த ஜோக்கு, அதெல்லாம் என்னம்மா முடிவு? உங்ககிட்டயாவது முடிச்சுச் சொல்லியிருக்காரா?” என்று கேட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு முடிவுதான் வேண்டியிருந்தது.

“ஐய, அவருக்கே தெரியாதுங்க. ஆரம்பம் மட்டும்தான் தெரியும் அவருக்கு.”

செங்கம் ரோட்டுக்குத் திரும்பும்போது இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஒருவர் இன்னொருவருக்காக எழுதுகிறார். அந்த இன்னொருவர் இவருக்காகப் படிக்கிறார். இருவரும் ‘பாவம், அவங்களுக்காக’ என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். நான் படித்த பெரிய எழுத்தாளர்கள் யாருக்கும் இப்படி ஒரு வாசகர் இருந்ததாகத் தெரியவில்லை. இதைப் போய் உடைத்தால் என் இரண்டாவது சொற்பொழிவாகிவிடும். அதனால் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கதையில் பாதியை மட்டும் சொன்னேன், அதுவும் வேண்டுமென்றே. “டீ குடிக்கப் போனாங்களாம்ணா. கதையைப் படிச்சிட்டாங்களாம். எறங்கி டீ கேக்கறது தெரியுது அவங்களுக்கு. அடுத்த கதை எங்கனு கேக்கறாங்க.”

“டீயா?” என்றார்.

“டீ.”

கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மீசை ஆடிக்கொண்டிருந்தது. சிரிப்பு. சிரிக்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது, ஏனென்றால் கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், முடியவில்லை, கையை ஆட்டிவிட்டு மறுபடி சிரித்தார்.

அடுத்த பௌர்ணமிக்கு முன்னால் கதை தயாராகிவிட்டது. அதை என்னிடம் காட்டவில்லை. “அந்தம்மா படிக்கட்டும் சார், அப்புறம் நீங்க” என்றார். அடி அண்ணாமலைக்கு இருவரும் என் வண்டியில் போனோம். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரம். அந்தம்மா பென்சில் எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படிக்க, மிலிட்டரிக்காரர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்து முடித்த தாளை அந்தம்மா பக்கத்தில் வைக்க வைக்க நான் எடுத்துப் படித்தேன்.

ஒரு சின்ன ஊரில் புத்தக விழா. சால்வை போட்ட ஒரு பேச்சாளர் மேடையில், ஒரு மனிதன் மலையில் செத்துவிட்டதாகக் கையை விரித்து, டின் உருளும் சத்தமெல்லாம் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. அந்த மனிதனோ ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு ஜோக் சொல்ல ஆரம்பிக்கிறான். சிரிப்பு வருகிறது. முடிக்காமல் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறான். அது நானில்லை என்று ஆகுமா என்று பலவிதமாகப் படித்துப் பார்த்தேன். அந்தப் பேச்சாளரின் சால்வை தோளிலிருந்து நழுவுவதைக்கூட மிலிட்டரிக்காரர் விடவில்லை.

அந்தம்மா இரண்டு இடத்தில் சிரித்தார். இரண்டாவது சிரிப்பு நிஜம் என்று எனக்குப் பட்டது. மிலிட்டரிக்காரர் முகம் இளகியது. தாள்களை அடுக்கித் தட்டி அவரிடம் நீட்டிக்கொண்டே அந்தம்மா சொன்னார்.

“நல்லா வந்திருக்குதுண்ணா. அவரு எழுந்து போறது அப்படியே அவரேதான். அந்தப் பேசறவரு மட்டும்தான் ஜாஸ்தியா இருக்குது. அன்னிக்கு யாரோ அவசரத்துல மாத்திச் சொல்லிட்டாருனு இந்த சாரு சொன்னாரு, சரி. அதுக்காக, புக்கையே படிக்காம மேடை ஏறினாருனு எழுதறதா? படிச்ச மனுஷன் எவனாச்சும் அப்படிச் செய்வானா? அத கொஞ்சம் கம்மி பண்ணிடுங்கண்ணா. யாரும் நம்ப மாட்டாங்க.”